பேரன் பெயரில் கடன்

போன மாதம் எங்கள் கறவை மாட்டுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. பாலிசிக் காகிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பது எனக்குப் பழகிப்போன நோய். 33 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் வேறெப்படி இருப்பான்? எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் பகுதிக்கு வந்தேன். போர், கலகம், உரிமையாளரே செய்யும் தீங்கு என்று வரிசையாகப் போய், அணுக் கதிரியக்கத்தால் வரும் எந்த இழப்புக்கும் பணம் கிடையாது என்று இருந்தது.

வேலையில் இருந்தபோது இந்த வரியை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். வீட்டுக் கடனுக்காக எடுக்கும் தீ விபத்துப் பாலிசி, டிராக்டர் பாலிசி, மோட்டார் ரூமுக்கான பாலிசி என்று பெரும்பாலானவற்றில் இது இருக்கும். உங்கள் வீட்டு பீரோவில் இருப்பதையும் ஒருதடவை எடுத்துப் பாருங்க. அப்போதெல்லாம் இது ஏதோ அச்சடித்த வாசகம் என்று தாண்டிப் போனவன், இப்போது நின்று படித்தேன். காரணம், எங்கள் தோட்டம் பணகுடிக்குப் பக்கம். அங்கிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் போராட்டக்காரர்கள் இல்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் மாடு சாவதற்கும் விலை போடத் தெரிந்தவர்கள். பயத்தைக் கணக்காக மாற்றுவதுதான் அவர்கள் தொழில். அவர்களே இதற்கு மட்டும் உங்கள் மாட்டையும் என் மாட்டையும் சேர்க்க மறுக்கிறார்கள். அணு உலை நடத்துபவரின் பொறுப்புக்கு 2010-ம் ஆண்டுச் சட்டம் 1,500 கோடி ரூபாய் என்று வரம்பு கட்டியது. அந்த அளவுக்கு ஒரு காப்பீட்டுத் தொகுப்பும் 2015-ல் உருவானது. ஃபுகுஷிமா விபத்துக்கு ஆகும் மொத்தச் செலவு என்று ஜப்பான் அரசே 2016-ல் போட்ட மதிப்பீடு 21.5 லட்சம் கோடி யென். நம் கணக்கில் 12 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், மிச்சத்தை யார் சுமப்பார் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கட்டுரை பணக்கணக்கைப் பற்றியது இல்லை. பாவ புண்ணியக் கணக்கு என்று நம் பெரியவர்கள் சொன்னார்களே, அதைப் பற்றியது.

கிணற்றுக் கடன் கேட்ட பாட்டையா

தொண்ணூறுகளில் ஒரு கிராமக் கிளையில் விவசாயக் கடன் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கிணறு வெட்டக் கடன் வேண்டும். அவர் பெயரில் பழைய பாக்கி நின்றதால் புதுக் கடன் தர வழியில்லை. கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பேரன் பேருக்கு எழுதிப்புடுங்க சார்" என்றார்.

"பேரனுக்கு என்ன வயசு பாட்டையா?"

"பன்னெண்டு நடக்கு."

"பன்னெண்டு வயசுப் பையன் பேருல எப்படிக் கடன் எழுத?"

"கெணறு அவனுக்குத்தான சார். நான் இன்னும் எத்தன வருசம் இருக்கப்போறேன்? அவன் வளந்து கட்டட்டும்."

கிளையே சிரித்தது. நானும் சிரித்தேன். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனருடன் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதைப் பொறுமையாக விளக்கினேன். தண்ணீரை இறைக்கப்போவது நீங்க, கடனைக் கட்டப்போவது அவன், அவன் சரின்னு சொல்ற வயசில் இல்லை, அதனால் சட்டம் விடாது என்றேன். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய பாக்கியை இரண்டு வெள்ளாமையில் அடைத்துவிட்டு, தன் பெயரிலேயே கடன் வாங்கி வெட்டினார்.

அதே வருஷங்களில் கூடங்குளம் அணுமின் திட்டத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட திட்டம். நான் அதற்கு முழு ஆதரவு. தொழிற்சாலை வரும், டெபாசிட் பெருகும், வேறென்ன வேண்டும்? இடிந்தகரை மீனவர்கள் எதிர்த்தபோது, விவரம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று டீக்கடையில் வாதாடியிருக்கிறேன். பாட்டையாவுக்கு நான் சொன்ன சட்டத்தை எனக்கே சொல்லிப் பார்க்க எனக்கு 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

உலைக்குள் நடப்பது

விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அணுமின் நிலையம் என்பது தண்ணீர் கொதிக்க வைக்கும் இடம், அவ்வளவுதான். யுரேனியம் அணு பிளக்கும்போது வரும் சூட்டில் நீராவி உண்டாகி டர்பைன் சுற்றுகிறது. கூடங்குளத்தில் ஓர் அலகு 1,000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வெப்பம் கடலுக்குத்தான் போகிறது.

நம் அடுப்புக்கும் அந்த உலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் சூடு அடங்கும். அணு உலையை நிறுத்திய பிறகும், பிளந்துபோன துண்டுகள் தாமாகவே சூடு கக்கிக்கொண்டிருக்கும். நிறுத்திய நொடியில் அது முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம். 3,000 மெகாவாட்டில் 6 சதவீதம் என்றால் 180 மெகாவாட். நேரமாக ஆக இது குறையும் என்றாலும், நாள்கணக்கில், மாதக்கணக்கில் தண்ணீர் ஓட்டிக் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2011 மார்ச் 11-ல் ஃபுகுஷிமாவில் இதுதான் கைவிட்டது. நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காக நின்றுவிட்டன. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்கக் கரண்ட் இல்லை. மின்சாரம் தயாரிக்கும் இடத்திலேயே மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகள் உருகின.

கூடங்குளம் வேறு வகை உலை. கரண்ட் இல்லாமலே சூட்டை வெளியேற்றும் ஏற்பாடும், உருகி விழுந்தால் பிடித்துக்கொள்ளும் தொட்டியும் அதில் உண்டு. இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை இல்லை. 2004 சுனாமியில் கல்பாக்கத்துப் பம்ப் ஹவுஸில் தண்ணீர் புகுந்தபோது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள் என்பதும் உண்மை. நிலக்கரி தினம் தினம் கக்கும் புகையும் சாம்பலும் கொல்வதைக் கணக்கெடுத்தால், விபத்து இல்லாமல் ஓடும் அணு உலை அதைவிடச் சுத்தம் என்று சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கு. அப்படியிருந்தும் என் மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மண்ணுக்கு ஆள் அடையாளம் தெரியாது

நாம் எல்லோரும் படித்த 'ஒற்றை வைக்கோல் புரட்சி' புகுவோகா வேறு, ஃபுகுஷிமா வேறு. பெயரால் குழம்புகிறவர்கள் உண்டு. புகுவோகா ஷிகோகு தீவில் எஹிமே மாகாணத்துக்காரர். (அங்கும் இகாட்டா என்ற இடத்தில் ஓர் அணுமின் நிலையம் இருக்கு என்பது தனிக்கதை.) ஃபுகுஷிமா நாட்டின் வடகிழக்கில் இருக்கும் விவசாய மாகாணம். நெல், பீச் பழம், காய்கறி, மாடு. இயற்கை விவசாயிகளும் அங்கே நிறையப் பேர்.

உலையிலிருந்து காற்றில் வந்ததில் விவசாயிக்கு முக்கியமானது சீசியம்-137. வேதியியலில் சீசியம் பொட்டாசியத்தின் குடும்பம். அதாவது நாம் சாம்பல் சத்து என்கிறோமே, அதன் பங்காளி. செடியின் வேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. சாம்பல் சத்து குறைந்த மண்ணில் வேர் சீசியத்தை அள்ளிக்கொள்ளும். ஸ்ட்ரான்சியம்-90 என்று இன்னொன்று உண்டு. அது சுண்ணாம்புச் சத்தின் பங்காளி, சாப்பிட்டால் எலும்பில் போய் உட்காரும். பசியோடு வருகிறவன் யார் என்று பார்க்காமல் சோறு போடும் தாய் மாதிரி மண்ணும் வேரும் நடந்துகொள்கின்றன.

களிமண் சீசியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. களி குறைந்த, கரிமம் மிகுந்த மண்ணில் அது செடிக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும். 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபில் வெடித்தது. அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், பிரிட்டனில் வேல்ஸ் மலைகளின் புல் மண் இந்த வகை. மழையோடு இறங்கிய சீசியம் புல்லில் ஏறி, ஆட்டில் ஏறியது. அந்த மலைப் பண்ணைகளின் ஆடுகளைச் சோதிக்காமல் விற்கக்கூடாது என்று போட்ட கட்டுப்பாடு, கடைசிப் பண்ணைக்கு நீங்கியது 2012-ல். 26 வருஷம். செர்னோபில் எங்கே இருக்கிறது என்றே கேள்விப்பட்டிருக்காத இடையர்கள்!

சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருஷம். வங்கியில் மிஷினுக்குத் தேய்மானம் போடுவோம், மிச்ச மதிப்பில் இத்தனை சதவீதம் என்று. அதே கணக்கு. 100 என்பது 30 வருஷத்தில் 50, அறுபதில் 25, தொண்ணூறில் பன்னிரண்டரை. ஆயிரத்தில் ஒரு பங்காக 300 வருஷம். இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்த எந்த ஜீவாமிர்தத்தாலும் முடியாது. மண்புழுவாலும் முடியாது. நாம் பழகிய எல்லா நஞ்சுகளையும், எண்டோசல்பானைக்கூட, ஏதோ ஒரு நுண்ணுயிர் மெல்ல மெல்ல உடைத்துத் தின்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் நாம் ரசாயனத் தோட்டத்தை இயற்கைக்கு மாற்றுகிறோம். மூன்று வருஷம் பொறு, மண் திரும்பும் என்கிறோம். அந்த நம்பிக்கை இங்கே செல்லாது. சூரியகாந்தி நட்டால் உறிஞ்சிவிடும் என்று ஜப்பானில் ஆர்வமாக நட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் அது பெரிதாக ஒன்றும் எடுக்கவில்லை.

கடைசியில் செய்தது என்ன தெரியுமா? வயல்களின் மேல்மண்ணை 5 சென்டிமீட்டர் அளவுக்கு வழித்து எடுத்துக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள். அந்த 5 சென்டிமீட்டரில்தான் தலைமுறை தலைமுறையாகப் போட்ட தொழுவுரமும் இலைமக்கும் இருந்தது. வழித்த மண்ணும் கழிவும் சேர்ந்து சுமார் 1.4 கோடி கன மீட்டர். பெரும்பகுதி இன்னும் அணுமின் நிலையத்தைச் சுற்றியே கிடக்கு. 2045-க்குள் மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோய் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எந்த ஊர் வாங்கிக்கொள்ளும்?

ஜப்பானின் இயற்கை விவசாயிகளுக்கு உயிர்நாடி பக்கத்து மலைக்காட்டுச் சருகு. அதைப் பொறுக்கி மக்க வைத்துத்தான் நாற்றங்கால். காட்டைச் சுத்தம் செய்ய முடியவில்லை. அந்த மாகாணத்தில் 70 சதவீதம் காடு. சருகில்தான் சீசியம் அதிகம் தங்கியது. யூரியா மூட்டை வாங்கிப் போட்டவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. காட்டை நம்பியவருக்குத்தான் கை கட்டப்பட்டது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கிப் போடாதே, சுற்றி இருப்பதை வைத்துச் செய் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் அங்கே தலைகீழாகிப் போச்சு.

விபத்து நடந்து இரண்டு வாரத்துக்குள், பல வருஷமாக இயற்கை முறையில் முட்டைக்கோஸ் வளர்த்த அறுபது வயது தாண்டிய விவசாயி ஒருவர், விற்பனைத் தடை வந்த மறுநாள் உயிரை மாய்த்துக்கொண்டார். அறுவடைக்குத் தயாராக நின்ற வயல். அவர் வயதுதான் எனக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தப்பி நின்றவர்கள் விட்டுவிடவில்லை. நெல் வயலுக்குச் சாம்பல் சத்து கூட்டிக் கொடுத்து சீசியம் ஏறாமல் தடுத்தார்கள். 2012 முதல் மாகாணத்தில் விளைந்த ஒவ்வொரு அரிசி மூட்டையையும், வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி மூட்டை, கருவியில் வைத்துச் சோதித்தார்கள். கிலோவுக்கு 100 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டிய மூட்டை 2015 அறுவடை முதல் ஒன்றுகூட வரவில்லை. எவ்வளவு உழைப்பு! ஆனாலும் விவசாயியும் நுகர்வோரும் நேரடியாகக் கைகோர்க்கும் 'டெய்கே' முறையில் பல வருஷம் காய்கறி வாங்கிய குடும்பங்கள், சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகள் முதலில், மெல்ல விலகின. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

இரண்டு விவரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வெளியேற்றிய வட்டம் முதலில் 20 கிலோமீட்டர். ஆனால் வடமேற்கே அதைத் தாண்டி இருந்த இதாத்தே என்ற மலைக் கிராமத்துக்குக் காற்றும் பனியும் கதிரியக்கத்தைக் கொண்டுபோய் இறக்கியதால், மாடு வளர்த்து நிம்மதியாக வாழ்ந்த அந்தச் சுமார் 6,000 பேரும் காலிசெய்தார்கள். பெரும்பகுதி ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது 2017-ல். இரண்டு, அந்த உலையின் மின்சாரம் போனது டோக்கியோ பக்கத்துக்கு. ஃபுகுஷிமா விவசாயி வீட்டுப் பல்பு எரிந்தது வேறொரு கம்பெனியின் கரண்டில்.

சாமி என்றைக்கும் மைனர்

விபத்து வரலாம், வராமலும் போகலாம். அதைப் பிரார்த்தனைக்கு விட்டுவிடலாம். ஆனால் ஒரு விபத்தும் இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல் ஓடினாலும் மிச்சமாகும் ஒன்று உண்டு. எரிந்து முடிந்த எரிபொருள். பல வருஷம் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காக்க வேண்டும். அதில் இருக்கும் புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 வருஷம். அதைப் பிரித்து மறுபடி எரிபொருளாக்குவது நம் நாட்டுத் திட்டம். அப்படிச் செய்தாலும் கழிவு என்று ஒன்று மிஞ்சத்தான் செய்யும். ஃபின்லாந்தில் பாறையைக் குடைந்து 400 மீட்டருக்குக் கீழே புதைக்க ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். ஒரு லட்சம் வருஷத்துக்குத் திட்டமிட்டதாம். நம் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வயது 1,000. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு 3,000 வருஷம் என்கிறார்கள். அந்தத் தாழியில் எலும்பை வைத்து மூடிய நம் பாட்டன் என்ன மொழியில் அழுதான் என்றுகூட நமக்குத் தெரியாது.

இங்கேதான் பாட்டையா ஞாபகம் வந்தார். கரண்டை அனுபவிப்பது நாம், 40 வருஷம், 60 வருஷம். கட்டப்போவது பேரனும் இல்லை, பேரனின் பேரனும் இல்லை. 12 வயசுப் பையனாவது கண் முன்னால் இருந்தான். கேட்டால் மாட்டேன் என்று தலையாட்டியிருப்பான். பிறக்காதவன் பெயரில் எந்தச் சட்டப்படி எழுதினோம்?

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. குளத்துக்கரையில் கோயில், பின்னால் ஏழெட்டு மரம். அதில் ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குப் பொங்கல் வைக்கும் விறகுகூட வீட்டிலிருந்துதான் போகும். சின்ன வயதில் இதை மூடநம்பிக்கை என்று நினைத்தேன். பிற்பாடு வங்கிக்காக நிலப் பத்திரங்கள் படித்தபோது ஒன்று தெரிந்தது. கோயில் நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமி. சாமியைச் சட்டம் ஒரு மைனருக்கு இணையாக, என்றைக்குமே வயசுக்கு வராத குழந்தையாக நடத்துகிறது. தர்மகர்த்தா நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், வெள்ளாமையை அனுபவத்துக்கு விடலாம். தன் இஷ்டத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. எவ்வளவு பெரிய மனுஷன் வந்து கேட்டாலும் அந்த நிலத்தின் மேல் நாங்கள் கடன் தந்ததில்லை.

பூமி யாருடையது என்று கேட்டால் நம் சமயங்கள் எல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. நாம் தர்மகர்த்தா. அதிகம் போனால் வாரக்காரன். ஜீவகாருண்யம் பேசிய வள்ளலார் வழியில் போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருவோம், ஏனென்றால் இனி வரப்போகிற ஜீவனும் ஜீவன்தான். எல்லாப் பாவத்துக்கும் நம் மரபில் ஏதோ ஒரு கழுவாய் உண்டு. பசியில் திருடினால் திருப்பிக் கொடுக்கலாம். மரத்தை வெட்டினால் பத்து நடலாம். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் முகத்தையே பார்க்க முடியாத, மன்னிப்பே கேட்க முடியாத செயலுக்குக் கழுவாய் ஏது? அணுமின்சாரத்தில் எனக்குள்ள ஆன்மிகத் தடை இதுதான்.

தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா லண்டனில் படித்த ஆடிட்டர். பம்பாயில் நன்றாக ஓடிய தணிக்கைத் தொழிலை விட்டு 1929-ல் காந்தியிடம் போனார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி ஆசிரமத்தில் வாழ்ந்தார். இயேசுவின் வழியையும் காந்தியின் வழியையும் ஒன்றாகக் கண்டவர். சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில், ஓர் ஆடிட்டர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பாகுபாடு இருக்கும். பூமிக்குள் தேங்கிக் கிடக்கும் நிலக்கரி, எண்ணெய், தாது ஒரு வகை. எடுக்க எடுக்கக் குறையும், அதனால் அதற்கு அடிதடி. வெயில், காற்று, ஓடும் தண்ணீர், வளரும் மரம் இன்னொரு வகை. வருஷா வருஷம் வரவு. முதலைத் தின்று வாழ்வதா, வரவில் வாழ்வதா என்பதே அவர் கேள்வி. 1960-ல் அவர் இறந்தபோது இந்தியாவில் அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்: முதலையும் தின்று, கடனையும் வைத்துவிட்டுப் போவது.

வெயிலு சும்மா வருது, தண்ணி சும்மா வருதா?

அப்போ கரண்டு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். இதைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். கம்பியில் வருவதில் கூடங்குளத்துக் கரண்டும் கலந்துதான் இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வரும்போது பேசுவது காதில் விழாது. தமிழ்நாட்டில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூடங்குளத்தில் ஓடும் இரண்டு அலகும் சேர்ந்து 2,000. இந்த இரண்டு எண்ணை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. காற்று வருஷம் முழுக்க அடிக்காது. சராசரி பார்த்தால் நிறுவுதிறனில் கால் பங்கு கிடைப்பதே பெரிது. அப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டு உலைக்கு ஈடாக வருகிறது என்பதுதான் நியாயமான வாதம். மொத்த இந்தியாவில் அணுமின்சாரத்தின் பங்கு 3 சதவீதம் அளவுதான். அது இல்லாவிட்டால் நாடு இருண்டுபோகும் என்று பயமுறுத்துவதும் அதே மாதிரிக் கணக்குத்தான்.

சூரியசக்தி என்றாலே புண்ணியம் என்பதும் இல்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016-ல் வந்தது. இப்படி மானாவாரி நிலத்தை ஆயிரக்கணக்கான ஏக்கரில் கண்ணாடியால் மூடும்போது, கிடை போடும் கீதாரி ஆட்டை எங்கே ஓட்டுவார்? தீங்கு அணுவின் அளவு இல்லை, திரும்பக் கழற்றிவிடலாம். ஆனால் ஆசை அதே ஆசைதான். கூரை இருக்கும்போது காட்டைத் தொடுவானேன்? 3 கிலோவாட் தகட்டுக்கு 300 சதுர அடி மொட்டை மாடி போதும், நாளுக்குச் சராசரி 12 யூனிட் தரும். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் வரை மானியம்.

என் சொந்தக் கதை ஒன்று. 5 எச்.பி. சோலார் பம்ப் போட்டேன். கரண்ட் பில் இல்லை, டீசல் இல்லை, மனசாட்சி உறுத்தலும் இல்லை. காலை ஒன்பதிலிருந்து சாயந்தரம் நாலு வரை ஓடவிட்டேன். முருங்கைக்குப் பாத்தி நிறையத் தண்ணீர், வரப்பெல்லாம் பச்சை. சூரியபகவான் தருகிறார், நான் ஏன் நிறுத்தணும் என்ற எண்ணம். சித்திரையில் என் கிணறு இறங்கியது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அதற்கு முன்னாலேயே இறங்கியிருக்கு. அந்தத் தம்பி ஒருநாள் வரப்பில் நின்று, "அண்ணாச்சி, வெயிலு சும்மா வருது, தண்ணி சும்மா வருதா?" என்றார். சண்டை போடவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. பிறக்காதவனைப் பற்றிப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தவன், வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம் கேட்கவில்லை.

இப்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. முருங்கைக்குச் சொட்டுநீர், மரத்தைச் சுற்றி அரை அடிக்குத் தென்னை மட்டை மூடாக்கு. ஒவ்வொரு அமாவாசைக்கும் முடிச்சுப் போட்ட கயிற்றை இறக்கி இரண்டு கிணற்றிலும் நீர்மட்டம் அளந்து நோட்டில் எழுதுகிறோம். நோட்டு ஒரு மாதம் என் வீட்டில், ஒரு மாதம் தம்பி வீட்டில். பம்ப் சும்மா நிற்கும் நேரத்தில் அந்தத் தகட்டிலேயே தீவனம் வெட்டும் மிஷின் ஓட, அதற்கான கன்ட்ரோலர் பொருத்தியாச்சு.

அடுப்புக்குச் சாண எரிவாயு. 2 கன மீட்டர் கலன், நாளுக்கு 50 கிலோ சாணம். எங்களிடம் கன்றோடு சேர்த்து ஐந்து உருப்படி, அதனால் தட்டுப்பாடு இல்லை. சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் கலந்து கரைத்து ஊற்ற வேண்டும். 1 கன மீட்டர் வாயு 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம் என்பது கணக்கு. அப்படியானால் 17 நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சமாக வேண்டும். நடைமுறையில் மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்க, மார்கழியில் அதுவும் குறையும். வெளியே வரும் சாணக் கரைசல்தான் எங்களுக்குப் பெரிய லாபம். அதை வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து பறந்துவிடும். ஈரமாகவே மூடாக்கின் மேல் ஊற்றி, கொஞ்சம் சருகு தூவிவிடுகிறோம். வீட்டம்மா ஆரம்பத்தில் சாணி கேஸில் பூஜைக்குப் பாயசம் வைக்க யோசித்தாள். இப்போது சிலிண்டரை மாடிக்கு ஏற்றிவிட்டாள்.

கலன் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். குழியைப் புரட்டாசிக்குள் தோண்டி, கொத்து வேலையை முடித்துவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு தோண்டினால் எங்கள் பக்கம் குழியில் ஊற்று ஏறிவிடும், தண்ணீர் இறைத்துக்கொண்டே கொத்தனாருக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். மாட்டுத் தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்க. குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.